வெந்நீர் கையில் இருக்கப் புகைக்குழாய் எதற்கு?

போன வாரம் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, என் மச்சான் நியூசிலாந்தில், கிரைஸ்ட்சர்ச் பக்கம், சொந்தமாக ஓர் ஆர்வி-7 விமானம் கட்டிக்கொண்டிருக்கிறார். மாஸ்டா 13பி ரோட்டரி என்ஜின் போடுகிறார். அங்கே குளிர்காலத்தில் கேபினுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. புகைக்குழாயைச் சுற்றித் தகடு போட்டுச் சூடு எடு என்கிறார் ஒருவர். கார் ஹீட்டர் போடு என்கிறார் இன்னொருவர். மின்சாரத்திலேயே முடித்துவிடலாம் என்கிறார் மூன்றாமவர். எதைக் கேட்பது?" வாயால் சொன்னால் பாதி மறந்துபோகும், எழுதியே தருகிறேன் என்றேன். சிலேத்தார், சாங்கி விமான நிலையங்களில், விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் வயசைக் கழித்தவன் நான். என்னிடம் ஒரு ரோட்டரி கார் இருந்தது என்பது கூடுதல் தகுதி, அல்லது கூடுதல் தலைவலி.

முதலில், சிங்கப்பூர்க்காரன் ஹீட்டரைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வரத்தான் செய்யும். இந்தத் தீவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி வாக்கில்தான். நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படும் இடம் சினிமா ஹாலும் அலுவலக ஏர்கானும்தான். ஆனால் மேலே போனால் கதை வேறு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும். சிலேத்தாரில் 31 டிகிரி வெயிலில் கிளம்பினாலும் 10,000 அடியில் வெளியே 11 டிகிரிதான். கிரைஸ்ட்சர்ச்சில் குளிர்காலக் காலை 2 டிகிரி என்று வைத்துக்கொள், அதே கணக்குப்படி 8,000 அடியில் மைனஸ் 14. இரண்டு பேர் தோளோடு தோள் இடிக்க உட்காரும் சின்னக் கேபின், தலைக்கு மேல் ஒரே ஒரு கண்ணாடிக் கூடு. அரை மணி நேரத்தில் கால் விரல் மரத்துவிடும். வால் பக்கத்தைத் திருப்பும் ரட்டர் பெடலைக் காலால்தானே மிதிக்க வேண்டும்? ஆகவே மச்சான் ஹீட்டர் கேட்பதைச் சொகுசு என்று நினைக்காதே.

இன்னொன்று. ரோட்டரி என்றதும் சிலர் முதல் உலகப் போர் விமானங்களின் என்ஜினை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த என்ஜின்களில் சிலிண்டர்கள் அத்தனையும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும், விளக்கெண்ணெய்தான் மசகு, அந்த எண்ணெய்ப் புகை விமானியின் முகத்தில் அடிக்கும். நாம் பேசுவது அதுவல்ல. ஃபெலிக்ஸ் வாங்கெல் வடிவமைத்து, மாஸ்டா கார்களில் பிழைத்துக்கிடந்த முக்கோண ரோட்டர் என்ஜின். 13பி என்றால் தலா 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர். தண்ணீரால் குளிர்வது, எண்ணெயாலும் குளிர்வது. இந்த இரண்டையும் மனதில் வை, பின்னால் வேலைக்கு வரும்.

சரி, அந்த மூன்று பேரில் முதலாமவர் சொன்ன வழி. செஸ்னா, பைப்பர் போன்ற சின்ன விமானங்களில் பரம்பரையாக இருப்பது இதுதான். காற்றால் குளிரும் என்ஜினில் வெந்நீர் கிடையாது, அதனால் அவர்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை. சைலன்சரையோ புகைக்குழாயையோ சுற்றி ஒரு தகட்டு உறை, அதற்குப் பெயர் ஹீட் மஃப். உறைக்கும் குழாய்க்கும் நடுவில் வெளிக்காற்று ஓடிச் சூடேறி, ஃபயர்வாலில், அதாவது என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தீத்தடுப்புச் சுவரில், உள்ள கதவு வழியாகக் கேபினுக்குள் வரும். எடை குறைவு, செலவு குறைவு, சூடோ தாராளம். குறை ஒன்றே ஒன்றுதான். நீ சுவாசிக்கப்போகும் காற்றுக்கும் என்ஜின் கக்கும் புகைக்கும் நடுவில் இருப்பது ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இரும்பு.

சின்ன விமானங்களில் வழக்கமாக இருக்கும் லைக்கமிங் போன்ற பிஸ்டன் என்ஜினில் புகையின் வெப்பம் 700, 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். ரோட்டரியில் 900ஐத் தாண்டுவது சாதாரணம். காரணம் அதன் அறையின் வடிவம். நீளமாக, தட்டையாக, எரியும்போதே நகர்ந்துகொண்டிருக்கும் அறை. எரிபொருள் முழுவதும் எரிந்து முடிவதற்குள் வெளியேறும் வாசல் வந்துவிடும், மிச்சம் குழாயிலேயே எரியும். வால்வு மெல்லத் திறப்பது என்ற பேச்சும் இதில் இல்லை. ரோட்டர் ஓரம் தாண்டியதும் வாசல் சட்டென்று திறந்து, புகை அடியாக வந்து விழும். 6,000 சுற்றில் ஓடும் இரண்டு ரோட்டர் என்ஜினில் நிமிடத்துக்கு 12,000 அடி, அதாவது நொடிக்கு 200. செக்கச்சிவந்த குழாயை நொடிக்கு 200 முறை சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பதாக நினைத்துப் பார். ரோட்டரி போட்டுப் பறக்கிறவர்கள் சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகடுகள் பிய்ந்து பறந்த கதை சொல்வது இதனால்தான். மெல்லிய 304 ஸ்டெயின்லெஸ் குழாயில் வெல்டு ஓரமாக விரிசல் விடும். 321 வகை ஸ்டெயின்லெஸ் போட்டால் கொஞ்சம் தாங்கும், இன்கோனல் என்ற நிக்கல் கலவை போட்டால் நன்றாகவே தாங்கும், பணமும் அதற்கேற்ப ஆகும். ஆனால் எந்த உலோகமானாலும், அதைச் சுற்றி உறை போட்டு மூடிவிட்டால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

ஹீட்டரை அணைத்துவைத்தால் ஆபத்து இல்லை என்றும் நினைக்காதே. உறைக்குள் காற்றோட்டம் நின்றால் அந்தக் குழாய் இன்னும் சூடாகும், ஆயுள் இன்னும் குறையும். அதனால்தான் ஒழுங்காகச் செய்த ஹீட் மஃப்பில், கேபின் கதவு மூடியிருந்தாலும் காற்று ஓடிக்கொண்டே இருந்து வெளியே கொட்டும்படி வழி வைத்திருப்பார்கள்.

ஹேங்கரில் என் கண்ணால் பார்த்தது ஒன்று. வருடாந்திரச் சோதனைக்கு வந்த ஒரு நான்கு இருக்கை விமானம், சாதாரண பிஸ்டன் என்ஜின்தான். ஹீட் மஃப்பைக் கழற்றினால் உள்ளே குழாயில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல், ஓரமெல்லாம் சாம்பல் நிறக் கறை. ஓட்டுகிறவரிடம் கேட்டேன். "போன மாசம் ஆஸ்திரேலியா போனப்ப கொஞ்சம் தலைவலி இருந்துச்சு, வெயில்னு நினைச்சேன்" என்றார். இங்கே யாரும் ஹீட்டரைத் திறப்பதில்லை, அந்த ஒரு பயணத்தில் மட்டும் திறந்திருக்கிறார். அவருக்கு இருந்தது நல்ல நேரம்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேல் பிடிமானத்தோடு உட்கார்ந்துகொள்ளும். வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்தாலும் பாதி இறங்கவே 4, 5 மணி நேரம் பிடிக்கும். உயரத்தில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு, அதன்மேல் இதுவும் சேர்ந்தால் தூக்கம் வருவதுபோல் இருக்கும், அவ்வளவுதான் தெரியும். 2019 ஜனவரி 21ஆம் தேதி பிரான்சின் நாந்திலிருந்து கார்டிஃப் போன ஒற்றை என்ஜின் பைப்பர் மலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்ததே, கால்பந்து வீரர் எமிலியானோ சாலா போன விமானம், அவர் ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின், அதாவது கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின், 58 சதவீதம் இருந்ததாக பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவு சொன்னது. அதில் இருந்ததும் பிஸ்டன் என்ஜின்தான். ரோட்டரியோ அதைவிடச் சூடான, அதைவிட முரட்டுத்தனமான புகையைத் தள்ளுகிறது. போதாக்குறைக்கு, அதிகச் சக்தி எடுக்கும்போது என்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தப் பலர் எரிபொருளைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றி ஓட்டுகிறார்கள், அப்போது புகையில் கார்பன் மோனாக்சைடும் கூடும்.

ஆகவே மச்சானிடம் நான் சொல்வது: ரோட்டரியில் ஹீட் மஃப் வேண்டாம். எப்படிச் செய்தால் பத்திரம் என்ற பேச்சுக்கே நான் வர மாட்டேன். பக்கத்திலேயே 80, 90 டிகிரி வெந்நீர் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

எவ்வளவு சூடு தேவை என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். நொடிக்கு 50 லிட்டர் காற்றைக் கேபினுக்குள் விடுகிறோம். 8,000 அடியில் அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ, ஆக நொடிக்கு 50 கிராம். கணக்கு எளிதாக இருக்க, மைனஸ் 10இலிருந்து 30 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்றால் 40 டிகிரி ஏற்றம். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 1,000 ஜூல். பெருக்கினால் 2,000 வாட், அதாவது 2 கிலோவாட். இப்போது என்ஜின் பக்கம் பார். மணிக்கு 30 லிட்டர் பெட்ரோல் குடித்தால் அதில் இருக்கும் ஆற்றல் சுமார் 267 கிலோவாட். கால் பங்கோ கொஞ்சம் கூடவோதான் புரொப்பெல்லருக்குப் போகும். மிச்சமெல்லாம் புகையிலும் தண்ணீரிலும் எண்ணெயிலும் கரைந்து வெளியே போகிறது. நாம் கேட்கும் 2 கிலோவாட் மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ரேடியேட்டருக்கே அது தெரியாது.

அதே 2 கிலோவாட்டை மின்சாரத்தில் எடுக்கப் பார்த்தால்? 14 வோல்ட்டில் 140 ஆம்பியருக்கு மேல். சின்ன விமானத்தில் இருக்கும் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் அழுதுவிடும். ரோட்டரியில் இன்னொரு சங்கடம், அதன் எரிபொருள் பம்பு, இன்ஜெக்டர், இக்னிஷன் காயில், கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாமே மின்சாரத்தை நம்பி இருப்பவை. ஆல்டர்னேட்டர் போனால் பேட்டரியில் மிச்சம் இருப்பது என்ஜினுக்குச் சேர வேண்டியது, உன் முதுகுக்கு அல்ல. ஆனால் மூன்றாமவர் சொன்னதை முழுசாகத் தள்ளவும் மாட்டேன். காற்றைச் சூடாக்குவதற்குப் பதில் ஆளைச் சூடாக்கினால் மின்சாரம் நன்றாக வேலை செய்யும். மோட்டார் சைக்கிள்காரர்கள் போடும் மின்சார அங்கி, இருக்கைக்குள் வைக்கும் சூட்டுப் பட்டை, ஒவ்வொன்றும் 40இலிருந்து 80 வாட்டுக்குள் அடங்கும். ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ஆம்பியருக்குள் முடிந்துவிடும். முக்கியமில்லாத மின்சுற்றில் போட்டு, ஆபத்து வந்தால் ஒரே சுவிட்சில் அணைக்கும்படி வைக்கச் சொல்.

பெட்ரோலைத் தனியாக எரித்துச் சூடு தரும் ஹீட்டர்களும் உண்டு, இரட்டை என்ஜின் விமானங்களின் மூக்கில் இருக்குமே, அதுமாதிரி. இரண்டு பேர் விமானத்துக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. இன்னொரு அடுப்பு, இன்னொரு புகைக்குழாய், இன்னொரு பராமரிப்புத் தொல்லை. விட்டுவிடலாம்.

இப்போது வெந்நீர் வழி. சாமான் எளிது: கார் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர், அதாவது ஒரு குட்டி ரேடியேட்டர். சிங்கப்பூரில் விற்கும் பல கார்களில் ஹீட்டரே வருவதில்லை, அதனால் உபியிலோ காக்கி புக்கிட்டிலோ பட்டறையில் போய்க் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஜோகூரில் ஹாஃப்-கட் கடைகள் இருக்கின்றனவே, ஜப்பான் கார்களைப் பாதியாக வெட்டிக் கொண்டுவந்து விற்பார்கள், அங்கே கிடைக்கும். மலேசியாவின் கஞ்சில் காரின் ஜப்பானிய மூதாதை டைஹாட்சு மீரா, அந்த அளவுச் சின்னக் காரின் கோர் இரண்டு பேர் கேபினுக்குத் தாராளம். நியூசிலாந்தில் இந்தத் தேடலே வேண்டாம், எந்தப் பழைய கார்க் கிடங்கிலும் ஹீட்டர் இருக்கும். ஆனால் பழசை வாங்கினால் அழுத்தச் சோதனை செய்யாமல் விமானத்தில் வைக்கக் கூடாது. புதுசே வாங்கினாலும் விலை ஒன்றும் பெரிசில்லை. கோர், பெட்டி, குழாய், உள்ளே நிற்கும் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை, எல்லாம் சேர்த்து 3 கிலோவுக்குள் முடிக்க முடியும்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். காரில் கேபினுக்குள் இருக்கிறது, அதனால் விமானத்திலும் கேபினுக்குள் வைக்கிறார்கள். வேண்டாம். கோர் ஒழுகினால் காரில் ஓரமாக நிறுத்தலாம். 8,000 அடியில், கூலண்டில் உறையாமல் இருக்கச் சேர்க்கும் கிளைக்கால் கலந்த ஆவி முகத்தில் அடித்து, கண்ணாடி முழுக்கப் பிசுபிசுவென்று படிந்தால் எங்கே நிறுத்துவாய்? கோரை ஃபயர்வாலுக்கு என்ஜின் பக்கத்தில், ஒரு தகட்டுப் பெட்டிக்குள் வைக்கச் சொல். கேபினுக்குள் வர வேண்டியது சூடான காற்று மட்டும், வெந்நீர் அல்ல. பெட்டியிலிருந்து வரும் காற்று ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் ஒரு ஸ்டெயின்லெஸ் கதவு. அலுமினியக் கதவு எடை குறைவு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். ஃபயர்வாலுக்கு விமானத் துறை வைக்கும் சோதனையோ சுமார் 1,100 டிகிரித் தீயை 15 நிமிடம் தாங்குவது. சுவர் இரும்பு, கதவு மெழுகு என்றால் அர்த்தமே இல்லை.

பெட்டிக்குள் போகும் காற்று வெளியிலிருந்து நேராக வர வேண்டும். என்ஜின் கூட்டுக்குள் சுற்றும் காற்றை எடுத்தால், நாம் எதற்குப் பயந்து ஹீட் மஃப்பை விட்டோமோ அதே புகை பின்வாசல் வழியாக வந்துவிடும். இதே காரணத்துக்காகத்தான், ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடும் யோசனையும் எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்க அழகான யோசனைதான், கூடுதல் சாமான் எதுவும் வேண்டாம். ஆனால் ரேடியேட்டருக்குள் நுழையும்போது காற்றுக்கு இருந்த அழுத்தம் அதைத் தாண்டி வருவதற்குள் செலவாகிவிடும், பிறகு கேபினுக்குள் தள்ள என்ன மிச்சம் இருக்கும்? கேபின் கதவைத் திறந்தால் காற்று எதிர்த்திசையில் போனாலும் ஆச்சரியமில்லை. மூக்குப் பக்கம் ஒரு சின்ன வாய், அதிலிருந்து 50 மில்லிமீட்டர் விட்டத்தில் சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழைக் குழாய். நாம் சொன்ன 50 லிட்டர் அதில் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகும், விமானம் பறக்கும் வேகத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை, தானாகவே தள்ளிவிடும். தரையில் நிற்கும்போது மட்டும் காற்று வராது. அதற்குப் படகுகளில் போடும் சின்ன ஊதுவிசிறி ஒன்று போதும், அதுவும் விருப்பம் இருந்தால்.

எண்ணெய்க் கூலரை வைத்துச் செய்கிறவர்களும் உண்டு. ரோட்டரியில் ரோட்டர்களை உள்ளிருந்து குளிர்விப்பது எண்ணெய்தான், குளிர்விப்பு வேலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது சுமக்கிறது. சூடு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் கூலண்ட் ஒழுகினால் இனிப்பு வாடையும் ஈரமும் வரும், எண்ணெய் ஒழுகினால் கேபின் முழுக்கப் புகை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் வாடைக்கே வாக்களிப்பேன். என்ஜின் பின்னால் இருக்கும் லாங்-ஈஸி, கோஸி மாதிரி விமானங்களில் நிலைமை வேறு. அங்கே சூடு ஒரு கோடியில், கால் இன்னொரு கோடியில். வெந்நீர்க் குழாயை விமானத்தின் முழு நீளத்துக்கு இழுப்பதா, காற்றுக் குழாயை இழுப்பதா என்ற வழக்கு அவர்களிடையே தீராது. மச்சான் கட்டுவது ஆர்வி-7, என்ஜின் முன்னால்தான், அவருக்கு அந்தக் கவலை இல்லை.

குழாய் இணைப்பில்தான் ரோட்டரிக்கே உரிய சூட்சுமம் இருக்கிறது. 13பியில் பின்பக்க இரும்புத் தட்டில் ஹீட்டருக்கென்றே ஒரு வாய் உண்டு. அங்கே எடுத்து, தண்ணீர் பம்பு இழுக்கும் பக்கத்தில் திருப்பிச் சேர்க்க வேண்டும். பம்பின் தள்ளலுக்கும் இழுப்புக்கும் உள்ள வித்தியாசமே கோருக்குள் தண்ணீரை ஓட்டிவிடும், தனிப் பம்பு வேண்டாம். ஆனால் இந்த வழியாகத் திரும்பும் தண்ணீர் ரேடியேட்டரைப் பார்க்காமல் மறுபடி என்ஜினுக்குப் போகிறது. ஹீட்டர் காற்று மூடியிருந்தால் அது குளிராமலே போகிறது. நியூசிலாந்துக் கோடையில் ஏறும்போது இது உறுத்தும். அதனால் 12 மில்லிமீட்டர் குழாய்க்கு மேல் போக வேண்டாம், வேண்டாதபோது முழுக்க மூடும் வால்வும் வேண்டும்.

வால்வு ஒன்றா இரண்டா என்று கேட்டால், போகும் வழியில் ஒன்று, திரும்பும் வழியில் ஒன்று, இரண்டும் என்ஜின் பக்கத்தில், இரண்டையும் ஒரே கம்பியில் இழுக்கும்படி. காரணம் சொல்கிறேன். ஹீட்டர் சுற்றில் ஒரு ஹோஸ் பிய்ந்தால் போவது ஹீட்டர் மட்டுமில்லை, என்ஜினின் மொத்தக் கூலண்டும் அந்த ஓட்டை வழியாக வெளியே போகும். ரோட்டரியின் தட்டுகளுக்கு நடுவில் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பது ரப்பர் வளையங்கள், அதிகச் சூட்டில் அவை போய்விட்டால் என்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆக, கால் சூட்டுக்காகப் போட்ட இரண்டு மீட்டர் குழாய் என்ஜினையே நிறுத்திவிடும். நல்ல சிலிக்கோன் ஹோஸ், நுனியில் மேடு வைத்த உலோகக் குழாய், ஹோஸ் சுருங்கினாலும் இறுக்கம் விடாத ஸ்பிரிங் வகைக் கிளாம்ப். கூலண்ட் அழுத்தம் குறைந்தால் எரியும் ஒரு எச்சரிக்கை விளக்கும் வேண்டும். வெப்பமானியை மட்டும் நம்பாதே, தண்ணீர் போன பிறகு அதன் உணர்முனை காற்றில் நின்றுகொண்டு நல்லபடியாகவே எண் காட்டும்.

காற்றுப் பூட்டு இன்னொன்று. ஃபயர்வாலில் இடம் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் மேலே. கோர் என்ஜினின் தலையைவிட உயரமாகப் போய்விட்டால் சுற்றில் இருக்கும் காற்றெல்லாம் அங்கே போய்க் குந்திக்கொள்ளும். ஹீட்டர் குளிர்காற்று ஊதும், அது பரவாயில்லை. ஒருநாள் அந்தக் காற்றுக் குமிழி நகர்ந்து பம்புக்குள் போகும், அது பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கோரை முடிந்தவரை தாழ்வாக வை, முடியாவிட்டால் அதன் உச்சியிலிருந்து விரிவுத் தொட்டிக்கு ஒரு மெல்லிய குழாய் விடு.

ஹீட்டரால் ஒரு லாபமும் உண்டு. என்னிடம் இருந்த பழைய ரோட்டரி கார், மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஜப்பானிலிருந்து நேராக வந்தது, அதனால் ஹீட்டரோடு வந்தது. ஒரு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் காஸ்வே நெரிசலில் நகராமல் நிற்கிறோம். வெப்பமானி முள் ஏறிக்கொண்டே போகிறது. ஹீட்டரை முழுசாகத் திறந்து, விசிறியை உச்சத்தில் வைத்து, இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கிவிட்டேன். முள் இறங்கியது. பக்கத்தில் புதுப் புடவைப் பையோடு உட்கார்ந்திருந்த என் மனைவி அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். சிஓஇ, அதாவது இங்கே கார் வைத்திருக்க வாங்கும் உரிமம், முடிந்து அந்தக் கார் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது, அவள் விடுவதாக இல்லை. மச்சானின் விமானத்திலும் ஏறும்போது கூலண்ட் சூடு எல்லையை நெருங்கினால், ஹீட்டரைத் திறந்து ஒன்றிரண்டு கிலோவாட்டைக் கூடுதலாகக் கழற்றிவிடலாம். ஆனால் அதை நம்பிச் சின்ன ரேடியேட்டர் போடுவது வேறு கதை, அதற்கு நான் ஆளில்லை.

இத்தனையும் செய்த பிறகும் குளிர்கிறது என்று போன் வரும். வரும் என்று எனக்கு இப்போதே தெரியும். ஏனென்றால் ஆர்வி மாதிரி விமானங்களில் குளிர் முன்னாலிருந்து வருவதைவிடப் பின்னாலிருந்துதான் அதிகம் வரும். மேலே இருக்கும் கண்ணாடிக் கூட்டின் வளைவில் காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறையும். அந்தக் கூட்டின் விளிம்பு இடைவெளி வழியாகக் கேபின் காற்று வெளியே உறிஞ்சப்படும். அந்த இடத்தை நிரப்ப வால் பக்கத்திலிருந்து, வாலில் உள்ள எலிவேட்டர் மடலை அசைக்கும் தண்டு போகும் ஓட்டை வழியாகவும், இறக்கைக்குள் அய்லரான் மடலை அசைக்கும் தண்டு போகும் ஓட்டை வழியாகவும் குளிர்காற்று வந்துகொண்டே இருக்கும். பிடரியில் சில்லென்று அடிப்பது அதுதான். சாமான் வைக்கும் இடத்துக்குப் பின்னால் தடுப்பு போட்டு, தண்டுகள் நுழையும் இடங்களில் மெல்லிய துணி உறை கட்டி, கண்ணாடிக் கூட்டின் விளிம்பில் நல்ல ரப்பர் பட்டை ஒட்டினால் பாதிக் குளிர் போய்விடும், அதுவும் கால் காசுச் செலவில். உறை கட்டும்போது மட்டும் கட்டுப்பாட்டுத் தண்டு இரண்டு கோடி வரையும் தடையில்லாமல் போய்வருகிறதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, ஆனால் யாரும் முன்னால் செய்வதில்லை.

கார்பன் மோனாக்சைடு கண்டறியும் கருவி, நான் சொன்னபடி வெந்நீர் ஹீட்டரே போட்டாலும், கட்டாயம். புகைக்குழாய் விரிசல் விட்டால் புகை எந்தச் சந்திலும் நுழையும், இப்போதுதான் சொன்னேன், கேபின் உறிஞ்சுகிறது. டேஷ்போர்டில் ஒட்டும் நிறம் மாறும் பொட்டு வேண்டாம், நிறம் மாறியதை நீ கவனிக்கும் நிலையில் இருக்க வேண்டுமே. வீட்டுக்கென்று விற்கும் அலாரமும் வேண்டாம். அமெரிக்கத் தரப்படி செய்த வீட்டு அலாரம் 70 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 70 பங்கு, இருந்தாலும் ஒரு மணி நேரமாவது ஆகாமல் கத்தாது. எண்ணாகக் காட்டி, 50 பிபிஎம் வாக்கிலேயே கத்தும் மின்னணுக் கருவி வாங்கச் சொல்.

கடைசியாக, தம்பி, மச்சானிடம் ஒன்று கேட்டுச் சொல். தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கும் தெர்மோஸ்டாட்டை வைத்திருக்கிறாரா, கழற்றிவிட்டாரா? ரோட்டரி போடுகிறவர்கள் பலர் அதைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றினால் 13பியில் ஒரு பக்கவழி திறந்தே இருந்துவிடும், அதை அடைக்காவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், என்ஜின் சூடாகும். அடைத்திருந்தாலோ ஹீட்டருக்கு வேறு பிரச்சினை. 8,000 அடியிலிருந்து என்ஜினை அடக்கி இறங்கும்போது, தெர்மோஸ்டாட் இல்லாத கூலண்ட் 50 டிகிரிக்குப் போய்விடும். இறங்கும்போதுதான் குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டுப் பனி படியும், அப்போதுதான் ஹீட்டர் காற்று கண்ணாடியில் அடிக்க வேண்டும். அவர் பதிலைச் சொன்னால்தான் கோர் எந்த அளவு என்று நான் சொல்ல முடியும்.